பின்னால் ஓடி வருபவன்

ஞாயிற்றுக்கிழமை மாரத்தான். அறுபத்தெட்டு வயது அப்பாவின் வேகமோ இந்த வாரம் படுத்தே விட்டது. அவருக்குப் பயிற்சி தரும் மகளுக்குச் சாமி நம்பிக்கை கிடையாது, ஸ்டாப்வாட்ச் நம்பிக்கைதான். கோபமாக அறைக்குள் வந்தாள். அப்பா கண்மூடி உருகிக்கொண்டிருந்தார்.

"கடவுளே, அவன் கால் சீக்கிரம் சரியாகணும். பழையபடி ஓடணும்."

"யாருப்பா அவன்?"

"தினமும் என் பின்னாடியே ஓடி வருவானே, அவன்தாம்மா. கால்ல அடிபட்டுப் படுத்திருக்கான்."

மகளின் கோபம் போன இடம் தெரியவில்லை. "உங்களோட போட்டி போடுறவனுக்கா வேண்டுறீங்க? இந்த மனசு யாருக்குப்பா வரும்!"

"மனசாவது மண்ணாவது! அது அடுத்த தெரு நாய்ம்மா. அது துரத்தாம எனக்குக் காலே எழும்ப மாட்டேங்குது."

மகள் ஸ்டாப்வாட்சைக் கீழே வைத்தாள். அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தானும் கண்ணை மூடிக்கொண்டாள்.