முட்டை அபிஷேகம்

அர்ஜென்டினாவின் கோர்டோபா நகரப் பல்கலைக்கழகம் ஒன்றின் தாழ்வாரத்தில் பேராசிரியர் எவரிஸ்தோ இருப்புக் கொள்ளாமல் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார்.

"உக்காருங்க சார். நீங்க பாக்காத பரீட்சையா?" என்று மாத்தே பானத்தை நீட்டினான் காவலாளி துலியோ.

அவர் வாங்கவில்லை. "வாசல்ல என்ன கூட்டம்?"

"உங்க ஸ்டூடண்ட்ஸ்தான். டாக்டர் பட்டம் வாங்குறவங்க மேல கொட்ட முட்டையும் மாவும் வெச்சிருக்காங்க."

"காட்டுமிராண்டிப் பழக்கம். விரட்டி விடு."

"சொல்லிப் பாத்துட்டேன். இன்னிக்கு அசைய மாட்டாங்களாம்."

கதவு திறந்தது. தேர்வுக்குழுத் தலைவி டாக்டர் நெலிதா எட்டிப் பார்த்தாள். அவரிடம் படித்தவள்; வாய்மொழித் தேர்வில் அவளை இரண்டு முறை பெயிலாக்கியிருந்தார்.

"வாங்க சார், ஆரம்பிக்கலாம்."

உள்ளே கேள்விகள் சரமாரியாகப் பறந்தன. எல்லாம் முடிந்து வாசலுக்கு வந்தபோது அவர் சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. முதல் முட்டை அவர் நெற்றியிலேயே உடைந்தது. எறிந்தவள் நெலிதா.

"இது, என்னை ரெண்டு தடவை பெயிலாக்கினதுக்கு."

மாவுப் பையைப் பிரித்து அவர் தலையில் கவிழ்த்தாள்.

"இது, டாக்டர் பட்டம் இல்லாமலே எங்களையெல்லாம் இத்தனை வருஷம் மிரட்டிட்டு, ரிட்டயராகிற வயசுல இன்னிக்கு ஒருவழியா நீங்களும் பாஸ் பண்ணினதுக்கு, டாக்டர் சார்."