ஆட்சேபனை இல்லை

"ஆட்சேபனைன்னா என்னம்மா?"

"ஒருத்தர் செய்யறது நமக்குப் பிடிக்கலேன்னா, வேண்டாம்னு சொல்றது. உனக்கு அப்படி ஒண்ணும் இல்லையே? சீக்கிரம் விரலை வை, வேன் வந்துரும்."

எட்டு வயது நிறைமதி விரலை வைக்காமல், திரையில் ஒளிர்ந்த படிவத்தை ஒரு சொல் விடாமல் வாசித்துக்கொண்டிருந்தாள். பகுதிநேர முனைவர் பட்டத்துக்கு, அம்மா செந்தாமரை வேலை பார்க்கும் பள்ளியின் சான்று மட்டும் போதாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பெற்ற பிள்ளைகளும் ஆட்சேபனை இல்லை என்று ரேகை பதிக்க வேண்டும். நான்கு வயதுத் தம்பி கபிலன் ஒரு கடலை மிட்டாய்க்கு அப்போதே பதித்துவிட்டான். மாலைக்குள் இவளும் பதிக்காவிட்டால் செந்தாமரையின் ஏழு வருட ஆய்வு ரத்தாகிவிடும். ஆய்வின் தலைப்பு, 'வேலைக்குப் போகும் தாய்மாரும் பிள்ளைகளின் வாசிப்பும்'.

"இதுதான் கடைசி தடவை கண்ணு."

"போன தடவையும் இதேதான் சொன்னே."

இவ்வளவு சரளமாக வாசிக்க இவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று செந்தாமரை யோசித்தாள். பள்ளி விட்டதும் பிள்ளைகள் இருப்பது பக்கத்து வீட்டு ஸ்டெல்லாவிடம்.

நிறைமதி விரலை வைத்தாள். திரை பச்சையானது. செந்தாமரைக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

உடனே நிறைமதி நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, படிவத்தைப் பார்த்துப் பார்த்து உருண்டை எழுத்தில் எதையோ எழுதி அம்மாவிடம் நீட்டினாள்.

"இப்ப நீ இதுல விரல் வைம்மா. ஸ்டெல்லா ஆன்ட்டியை நாங்க அம்மான்னு கூப்பிடணும். உன்கிட்ட கேட்டுட்டு வரச் சொன்னாங்க."