விரல் நுழையும் இடைவெளி

மாலை வெயில் பட்டறைக் கதவுக்கு அடியில் புகுந்து காரின் வயிற்றில் படுகிறது. எஞ்சின் இடத்தைவிட்டு அசையவில்லை. கியர்பாக்ஸ் மட்டும் ஜாக்கியில் இறங்கியிருக்கிறது. இரண்டையும் இணைக்கிற ஃப்ளெக்ஸ்பிளேட் விரிசல் விட்டுத் தரையில் கிடக்க, புதுத்தட்டு எஞ்சின் முனையில் பளபளக்கிறது. மெக்கானிக்கின் மச்சான், வாடகைக் கார் ஓட்டுபவன், விளக்கைப் பிடித்துக்கொண்டு மல்லாந்து கிடக்கிறான். அவன் வீட்டு அடுப்பு எரிவதே இந்த வண்டியால்தான். மெக்கானிக் கியர்பாக்ஸைத் தள்ளிப் பொருத்துகிறான். எஞ்சினுக்கும் அதற்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி மட்டும் மூடுவேனா என்கிறது. “போல்ட்டப் போட்டு முறுக்கு மாப்ள, தானா ஒட்டிக்கும்.” “ஒட்டும். உள்ள ஏதோ சரியா உக்காரல, முறுக்கினா ஆயில் பம்ப் நொறுங்கும். அப்புறம் வண்டியத் தள்ளிக்கிட்டே சவாரி போ மச்சான்.” “என் தங்கச்சியக் கட்டுறப்பவும் இப்படித்தான் இழுத்தடிச்ச.” மெக்கானிக் சிரித்துக்கொண்டே கியர்பாக்ஸைப் பின்னுக்கு இழுக்கிறான். அதன் வாயில் செருகியிருக்கும், எஞ்சின் சுழற்சியை உள்ளே கடத்துகிற கனத்த கன்வர்ட்டரை இரண்டு கையாலும் அணைத்து, அழுத்தி, மெல்லச் சுற்றுகிறான். வியர்வை மூக்கு நுனியில் தொங்குகிறது. மறுபடி சுற்றுகிறான். உள்ளே எங்கோ ‘டொக்’கென்று ஒரு சத்தம், கன்வர்ட்டர் விரலளவு உள்ளே இறங்குகிறது. இப்போது தள்ளினால் இரும்பும் இரும்பும் வாயோடு வாய் பொருந்துகின்றன. “இப்ப முறுக்கலாமா?” “ம். ஸ்பானர எடுக்காத, கையால போடு. சரியா உக்காந்திருந்தா அதுவே போகும்.” மச்சான் போல்ட்டை வைத்துத் திருப்புகிறான். அது விரலுக்கே சுழன்று உள்ளே போகிறது.