ஒரே நிறம்

ஃபிறவ் லேமன் இரண்டு கண்ணாடிக் குழாய்களையும் யன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

இரண்டிலும் அடியில் ஒரே கத்தரிப்பூ நிறம்.

இருபது வருடமாக இந்த வேலை செய்கிறாராம். புருசன் பெண்சாதிக்கு இப்படி அச்சொட்டாக ஒரே நிறம் வந்து அவர் கண்டதில்லையாம்.

ஞானமலருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஒரே சட்டியிலை சாப்பிடுறமெல்லே, அதுதான்" என்று கணவருக்குத் தமிழில் சொன்னாள்.

ஜேசுரட்ணம் சிரிக்கவில்லை. தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜேர்மனியில், ஹனோவர் நகரத்தில் இயற்கை வைத்தியம் செய்கிற பெண் ஃபிறவ் லேமன். காலையில் முதலாவதாகப் போகிற சிறுநீரைச் சின்னப் போத்தலில் கொண்டுவரச் சொல்வார். அதில் கொஞ்சத்தைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, மருந்து விட்டுக் குலுக்குவார். குடலில் கெட்ட கிருமிகள் கூடி, சாப்பாடு செமிக்காமல் பழுதாகினால் நிறம் ஏறும் என்பார்.

வருத்தம் ஜேசுரட்ணத்துக்குத்தான். ஆறு மாதமாக வயிற்று ஊதல், ஏப்பம், விடிந்தால் ஓங்காளம். குடும்ப வைத்தியரிடம் போகவே மாட்டேன் என்று நின்றவரை, இது வெறும் மூலிகை வைத்தியம் என்று சொல்லித்தான் அவள் கூட்டி வந்தாள். தனியே கொடுக்க வெட்கப்படுகிறார் என்று தன்னுடையதையும் ஒரு போத்தலில் பிடித்திருந்தாள்.

அவருக்கு உணவகக் குசினியில் பழகிய டொச் மொழி மட்டும்தான். அவள் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள், நன்றாகப் பேசுவாள். அதனால் கேள்விகளுக்கெல்லாம் அவளே பதில் சொன்னாள்.

மதுப் பழக்கம் உண்டா என்று ஃபிறவ் லேமன் கேட்டார்.

"முன்னர் இருந்தது. போன வருடம் கேவலாருக்கு யாத்திரை போய், மாதாவுக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்திச் சத்தியம் பண்ணினார். அன்றிலிருந்து ஒரு துளியும் இல்லை" என்றாள் ஞானமலர். சொல்லும்போது முதுகை நிமிர்த்திக்கொண்டாள்.

ஜேசுரட்ணத்துக்குக் காது சுட்டது.

ஃபிறவ் லேமன் வழக்கத்துக்காக ஒவ்வொரு போத்தலிலும் ஒரு சோதனைக் கடதாசிக் கீலத்தைத் தோய்த்து மேசையில் வைத்தார். சிறிது நேரத்தில் இரண்டு கீலத்திலும் ஒரு மஞ்சள் கட்டம் பச்சையாக மாறியது.

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

கண்ணுக்குத் தெரியாத அளவில் இரத்தம் போகிறது என்றார். குடலை விடுங்கள், இது என் கைக்குள் அடங்கிய விசயம் இல்லை என்றார். முதுகில், இடுப்பில் நோ இருக்கிறதா என்று இருவரையும் கேட்டார்.

"எனக்கு ஒன்றும் இல்லை" என்றாள் ஞானமலர்.

இரண்டு மாதமாக அவள் சுடுதண்ணீர்ப் பையை இடுப்பில் கட்டிக்கொண்டு படுக்கிறாள். கிழவர்களைத் தூக்கிப் படுக்கவைக்கிற வேலை, அதுதான் என்று கணவரிடம் சொல்லியிருந்தாள்.

ஃபிறவ் லேமன் தனக்குத் தெரிந்த சிறுநீரக வைத்தியரின் கிளினிக்குக்குத் தொலைபேசி எடுத்தார். நாளைக் காலை ஒரேயொரு டெர்மின், ஒரு ஆளைப் பார்க்கிற நேரம், இருந்தது. அதற்கு அடுத்தது ஐந்து கிழமை கழித்து.

யாருடைய பெயரைக் கொடுக்க என்று ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு கேட்டார்.

"இவருடைய பெயரை" என்றாள் ஞானமலர். "வருத்தக்காரர் இவர்தான். நான் பிறகு பார்த்துக்கொள்ளலாம்." அவள் குரல் நடுங்கியது. கணவருடைய முழங்கையை இறுக்கிப் பிடித்தாள்.

ஃபிறவ் லேமன் கையை எடுத்துவிட்டு, "ஜேசு..." என்று எழுத்துக்கூட்டத் தொடங்கினார்.

"மலர்" என்றார் ஜேசுரட்ணம்.

அவள் திரும்பினாள்.

"ரண்டு போத்தலும் உம்மடைதான். என்ரையைக் கொட்டிப்போட்டு, உம்மடையிலை பாதியை ஊத்தினனான். குடிச்சது அதிலை தெரிஞ்சிடும் எண்டு பயந்திட்டன்."

ஜேசுரட்ணம் குரலைத் தாழ்த்தினார்.

"கேவலாராலை வந்த கிழமையே திரும்பத் தொடங்கீட்டன். அந்த ரத்தம் உமக்குத்தான் மலர். நீர் போம்."

அவள் கை அவருடைய முழங்கையிலிருந்து இறங்கியது. மேசையில் கிடந்த இரண்டு கீலங்களையும் பார்த்தாள். அவரைப் பார்க்கவில்லை.

அழுவாள் என்று ஜேசுரட்ணம் நினைத்தார். எழும்பிப் போய்விடுவாள் என்றும் நினைத்தார். இந்த வெள்ளைக்காரிக்கு முன்னால் அவள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டால்கூட நல்லது போலிருந்தது.

தமிழ் விளங்காத ஃபிறவ் லேமன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். தொலைபேசியில் அந்தப் பக்கம் ஒரு பெண் குரல் ஹலோ, ஹலோ என்றது.

"என்ன சொல்கிறார்?" என்று ஃபிறவ் லேமன் கேட்டார்.

ஞானமலர் ஃபிறவ் லேமன் பக்கம் திரும்பினாள். பிறகு டொச்சில், ஒவ்வொரு சொல்லாக, முதியோர் இல்லத்தில் காது கேட்காதவர்களுக்குச் சொல்வதுபோலச் சொன்னாள்.

"முதலில் நான் போகவேண்டுமாம். தன்னைவிட என்னுடைய உயிர்தான் பெரிதாம்."

அவ்வளவு டொச் ஜேசுரட்ணத்துக்கும் விளங்கும்.

டெர்மின் அவள் பெயரில் பதிவாகியது. தன் பெயரை அவளே எழுத்தெழுத்தாகச் சொன்னாள். குரலில் இப்போது நடுக்கம் இல்லை.

ஃபிறவ் லேமன் ரிசீவரை வைத்துவிட்டு எழும்பி, மேசையைச் சுற்றி ஜேசுரட்ணத்திடம் வந்தார். கண்கள் கலங்கியிருந்தன. இப்படியான கணவர்களைத் தான் அதிகம் கண்டதில்லை என்று சொல்லிக் கையை நீட்டினார்.

ஞானமலர் மறுபக்கம் திரும்பி மேலங்கியைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

ஜேசுரட்ணம் வேர்த்த கையைக் காற்சட்டையில் துடைத்தார். பிறகு அதை நீட்டி, நன்றி என்று சொன்னார்.