முன்கோபியின் முதுகு

திரையில் முன்கோபியின் முதுகு சுவர் அகலத்துக்குத் தெரிந்தது.

அரை ஆயுசு காலம் நாளிதழில் வந்த படக்கதை. தினமும் நாலு கட்டம். மூன்றில் முன்கோபி வீட்டாரோடு சண்டை போடுவார். நாலாவதில் மேசைக்கு முன்னால் போய் உட்கார்ந்து, நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரே ஒரு வார்த்தை சொல்வார். ஊரே சிரிக்கும்.

அந்தக் கட்டத்தில் மட்டும் ஏன் முகம் கிடையாது? அன்றைய ரசிகர் கூட்டத்தில் இதுதான் வழக்கு. நூலக மாடியில் ஆளுக்கொரு நாற்காலி, ஆளுக்கொரு தீர்ப்பு.

சமூகத்துக்கே முதுகைக் காட்டுகிறார் என்றார் கல்லூரி ஆசிரியர். சுத்தச் சோம்பேறித்தனம் என்றார் பல் டாக்டர். வாயைக் காட்டாத ஆள் மேல் அவருக்குக் கோபம் வராதா பின்னே.

கடைசி வரிசையில் இருந்த பெண் தான் யாரென்று ஒருவரிடமும் சொல்லவில்லை. படம் வரைந்தவரின் ஒரே மகள்.

அவளுக்குத் தெரிந்த அப்பாவும் ஒரு முதுகுதான்.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நேரே அவர் அறை வாசலுக்குப் போய் நிற்பாள். கூப்பிடக்கூடாது என்பது வீட்டுச் சட்டம். அவராகத் திரும்ப வேண்டும். ஒருநாளும் திரும்பியதில்லை.

"உங்கப்பா பேனாவ எடுத்துட்டா, பின்னாடி இடி விழுந்தாலும் தெரியாதும்மா" என்று சொல்லி அம்மாதான் அவளைச் சாப்பிட இழுத்துக்கொண்டு போவாள்.

தெரியாது என்று அம்மா சொன்ன அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் அவள் அப்பாவை மன்னித்திருந்தாள். தெரியாமல் இருந்தவர் மேல் என்னவென்று கோபப்படுவது? போன மாதம் அவர் கண்ணை மூடியபோதும் அதையே சொல்லித்தான் மனதை ஆற்றிக்கொண்டாள். இந்தக் கூட்டத்துக்கு வந்ததுகூட, நாலு பேர் அவரைப் புகழ்வதைக் கேட்டால் கொஞ்சம் ஆறுதலாக இருக்குமே என்றுதான்.

வீடுகளுக்கு வரைபடம் போட்டுக் கொடுக்கும் ஒரு அம்மாள் எழுந்தார். முகத்தை விடுங்கள், அவரை யார் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று பாருங்கள் என்றார். பழைய படங்களில் மேசை விளிம்புதான் கண்ணுக்கு நேரே இருக்கிறது. மேலே இருப்பது தெரிவதில்லை. வருஷம் போகப் போக மைப்புட்டி தெரிகிறது. அப்புறம் விரித்த தாள். அப்புறம் உச்சந்தலை வழுக்கை.

"வாசல்ல நின்னு பாக்கறது ஒரு குழந்தைங்க. அது வளந்துகிட்டே வருது."

அவளுக்கு அப்பாவின் அறை நினைவுக்கு வந்தது.

அப்பா மேசைக்கு எதிரே கண்ணாடி ஜன்னல். விளக்கைப் போட்டுவிட்டால் பின்னால் நிற்பவர் அதில் அப்படியே தெரிவார். அவள் நின்ற வாசலிலிருந்து பார்த்தால் அவர் முதுகு அந்தக் கண்ணாடியை மறைத்துவிடும்.

பார்த்திருக்கிறார்! தினமும் பார்த்திருக்கிறார். அவள் விரல் அளவு வளர்ந்ததைக்கூட விடாமல் பார்த்திருக்கிறார். சந்தோஷத்தில் அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. எழுந்து, நான்தான் அந்தக் குழந்தை என்று சொல்லிவிடலாமா என்றுகூட இருந்தது.

பல் டாக்டர் விடுவதாக இல்லை. அப்படியானால் இதற்கு என்ன சொல்கிறீர்கள் என்று வேறு ஒரு வாரத்துப் படங்களைத் திரையில் போட்டார். உச்சந்தலை வரை உயர்ந்துவிட்ட பார்வை அந்த வாரம் மட்டும் தரையோடு தரையாக இறங்கியிருந்தது. நாற்காலிக் கால்கள், செருப்பு, மேசையின் அடிப்பக்கம். வளர்ந்த பிள்ளை ஒரே வாரம் தவழப் போய்விட்டதோ என்று அவர் கேட்க, எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அவள் படத்தின் ஓரத்தில் இருந்த தேதியைப் பார்த்தாள்.

அம்மா செத்துப்போன வாரம்.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் போன பிறகு, நிற்கத் தெம்பில்லாமல் அப்பா அறை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். மறுநாளும் அங்கேதான். அதற்கு மறுநாளும். சத்தம் கேட்டால் அப்பாவின் வேலை கெட்டுவிடுமே என்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அப்போதும் அவர் திரும்பவில்லை.

தரையில் உட்கார்ந்திருப்பவளின் கண்ணுக்கு எப்படித் தெரிந்திருக்குமோ, அப்படியே வரைந்திருந்தார். ஒரு கோடு பிசகவில்லை.