ரெண்டு கரை, ரெண்டு கை

கட்டுனவ உயிரோட இருக்கறப்ப அவ கூறைப் பொடவைய எவனாவது கிழிப்பானா?

குப்புராஜ் கிழிச்சான். அதுவும் கூடப் பொறந்த அக்கா பொடவைய. ரெண்டு பக்கக் கரையையும் தனியா எடுத்து, ரெண்டு கையிலயும் சுத்திகினு குத்துச்சண்டை ரிங்குல ஏறி நின்னான்.

ஆரணி ரைஸ் மில் களத்துல கோப்பை ஆட்டம் பாக்கக் கூடியிருந்த ஜனம் வாயில வெரல வெச்சிது. மத்தியான வெயில்ல அவன் கை ரெண்டும் உற்சவர் கணக்கா தகதகன்னு மின்னுச்சி.

பாக்ஸிங் மாஸ்டர் பன்னீர்செல்வம் காலையிலயே தலையில அடிச்சிகினாரு. கிளவுசுக்கு உள்ள கட்றது பருத்தியாதான் இருக்கணும், அதான் வேர்வைய உறிஞ்சும், மணிக்கட்ட கெட்டியா புடிக்கும், பட்டு வழுக்கும்டான்னு படிச்சிப் படிச்சி சொன்னாரு. பழைய வேட்டிய நாலு வெரல் அகலத்துக்குக் கிழிச்சி, சுருட்டியும் குடுத்தாரு.

பி.காம் படிக்கறவன் கேப்பானா? அவர்கிட்டயே சட்டம் பேசுனான். நீளம் சரியா இருக்குதா இல்லையா, அகலம் சரியா இருக்குதா இல்லையா, மனுசனுக்கு ரெண்டு கை இல்லன்னா பொடவைக்கு எதுக்கு ரெண்டு கரைன்னு கேட்டான். மாஸ்டர் பேஜாராகி எழுந்து போயிட்டாரு.

எதிர் மூலையில நின்னவன் வேடியப்பன். தேசூர் கிளப்பு. குப்புராஜோட அக்கா ஆதிலட்சுமிக்குப் புருசன்.

கல்யாணத்துக்கு கூறைப் பொடவை எடுத்தது மாப்ளை வீடு. எடுத்த எடம் ஆரணி தனகோடி மொதலாளி கடை. சுத்த வெள்ளி ஜரிகைன்னு சொல்லிக் குடுத்தாரு. ஆடிக்கு அம்மா வீட்டுக்கு வந்துட்டு ஆதிலட்சுமி திரும்பிப் போனா. அங்க இஸ்திரி போட்டா, ஜரிகை உருகி பொட்டியில ஒட்டிகிச்சி. அந்த வருசம் புதுசா வந்திருந்த பிளாஸ்டிக் ஜரிகை.

மாமியார் காத்தாயி நேரா கடைக்கு வந்து கேட்டுச்சி. நான் குடுத்தது வெள்ளிதாம்மா, நடுவுல யாரோ மாத்திட்டாங்கன்னாரு தனகோடி. நடுவுல யாரு? ஆடி மாசம் பொடவை எங்க இருந்துச்சி? பொண்ணு வீட்ல.

"நெஜப் பொடவைய எடுத்துகினு வந்து எங்க வாசப்படிய மிதி"ன்னு காத்தாயி மருமவள அந்தப் பொடவையோடயே அனுப்பிட்டுது. வேடியப்பன் அம்மா முன்னாடி வாயே தொறக்கல.

அன்னியிலருந்து ஆதிலட்சுமி தேசூர் பஸ் சத்தம் கேட்டா தெருவுக்கு வந்து நிக்கறா. குப்புராஜுக்கு வயிறு எரிஞ்சிது. எந்தப் பொடவையால அக்காவ தொரத்துனாங்களோ அதே பொடவையால வேடியப்பன் மூஞ்சிய ஒடைக்கணும். ஆதிலட்சுமியே கத்திரிக்கோலைத் தேடி எடுத்துக் குடுத்தா. "மூக்கு மட்டும்டா, பல்லு வேணாம்"னா.

வேலூர்லருந்து வந்த ரெஃபரி கிளவுஸ் மாட்றதுக்கு முன்னாடி ரெண்டு பேர் கையையும் பாத்தாரு. பொம்பளைங்க பக்கம் உக்காந்திருந்த காத்தாயி பொடவைய அடையாளம் கண்டு ஓன்னு கத்துச்சி. அப்போதான் வேடியப்பன் வாயத் தொறந்தான்.

"சார், அவன் கையில மெட்டல் கட்டிகினு இருக்கறான். வெள்ளி ஜரிகை. ரூல்ல கெடையாது."

பொண்டாட்டிக்காகத் தொறக்காத வாய், ஒரு குத்துக்கு பயந்துகினு தொறக்குது பாருன்னு குப்புராஜுக்கு ரத்தம் தலைக்கேறிச்சி. "பிளாஸ்டிக்குன்னு சொல்லித்தானய்யா உங்கம்மா தொரத்துச்சி?"

மெட்டல்னா ஆட்டம் கெடையாது, கோப்பை தேசூருக்குன்னாரு ரெஃபரி. ரிங்குல ஏறுனப்புறம் கைக்கட்ட மாத்தவும் கூடாதாம்.

ஆரணில பாதி பேரு ரிங்குல ஏறிட்டாங்க. நெசவுக்காரங்க ஆளாளுக்கு குப்புராஜ் கையப் புடிச்சி தடவுனாங்க, நகத்தால சொரண்டுனாங்க. ஒரு பெரியவரு கடிச்சே பாத்தாரு. பிளாஸ்டிக்குதான்னாங்க எல்லாரும். ஒருத்தன் கொளுத்திக் காட்றேன்னு தீக்குச்சிய ஒரசுனான், கை உள்ள இருக்கறப்பவே.

ஆரணிக்காரன் சாட்சி ஆரணிக்குச் செல்லாதுன்னு ரெஃபரி ஒத்துக்கல.

"வித்தவரு மேடையிலதான இருக்காரு, அவரையே கேளுங்க. அவரு சொன்னா ஒத்துக்கறேன்"ன்னான் வேடியப்பன்.

தனகோடிதான் ஆரணி கிளப்பு தலைவரு. கோப்பையில அவுங்கப்பா பேரு. இது ஊரத் தாண்டாதுன்னு போற வர்றவன்கிட்டல்லாம் சொல்லி வெச்சிருந்தாரு. மைக்க வாங்கி, இது பிளாஸ்டிக்கு, ஆனா எங்கடைச் சரக்கில்லன்னு ஆரம்பிச்சாரு.

"உங்க சரக்கில்லன்னா உங்க வார்த்தை எனக்கு எதுக்கு?" ரெஃபரி வேடியப்பன் கையத் தூக்கப் போனாரு.

களம் மொத்தமும் தனகோடியப் பாத்துச்சி. அப்பா பேரு போட்ட கோப்பை தேசூர் பஸ்ஸுல ஏறிப் போறது அவரு கண்ணு முன்னாடி வந்திருக்கணும்.

"எங்கடைதான்யா. நானே வித்தேன். வெள்ளின்னு சொல்லி வித்தேன், பொட்டு வெள்ளி கெடையாது. போதுமா? ஜல்தியா ஆட்டத்த நடத்துங்க."

ஜனம் விசிலடிச்சி கை தட்டுச்சி. எதுக்குத் தட்டுதுன்னு அதுக்கே தெரியல. தனகோடியும் பழக்கத்துல ஒரு கும்புடு போட்டாரு.

குப்புராஜுக்கு ஒண்ணும் காதுல ஏறல. பெல் அடிச்சதும் பாஞ்சான். மொதக் குத்துலயே வேடியப்பன் மூக்குல ரத்தம். அடுத்ததுக்குக் கைய ஓங்கறதுக்குள்ள அவன் இறுக்கிக் கட்டிப் புடிச்சிகினான். விட்றா பயந்தாங்கொள்ளின்னு குப்புராஜ் திமிர்னான்.

வேடியப்பன் அவன் காதுல சொன்னான்: "நான் சொன்னா பொண்டாட்டிதாசன்னுதான் எங்கம்மா சொல்லும், மச்சான். அதான் தனகோடி வாயாலயே மைக்குல சொல்ல வெச்சேன். சாயங்காலம் வந்து உங்கக்காவ இட்டுகினு போறேன். ம், இப்ப அடிச்சிக்கோ."