தங்கள் கீழ்ப்படிதலுள்ள

பைபிள் டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தக் கடிதத்தை மூன்றாவது தடவையாகப் படித்தார். ஆசிரியர் ஓய்வறையின் மறுகோடியில், இஸ்லாம் பாடம் எடுக்கும் சார் இன்னொரு கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் பத்திரப்படுத்திக்கொண்டிருந்தார்.

இரண்டு வருஷமாக இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஓய்வறையில் இருந்த ஒரே ஜன்னல்தான் காரணம். சாருக்குக் காற்று வேண்டும், டீச்சருக்குத் தூசி ஆகாது. ஒருநாள் சார் திறக்க, டீச்சர் சாத்த, நடுவில் சாரின் விரல் மாட்டிக்கொண்டது. வேண்டுமென்றே சாத்தினார் என்பது சாரின் கட்சி. வேண்டுமென்றே விரலை வைத்தார் என்பது டீச்சரின் கட்சி.

அதற்காகப் பாடத்தில் குறை வைத்தார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. ஐந்தாம் வகுப்புக்கு ஆளுக்குப் பாதி பீரியடு. இரு மதங்களிலும் மனந்திருந்துவது என்றால் என்ன, மன்னிப்பு என்றால் என்ன என்று உருகி உருகி நடத்தினார்கள்.

"செஞ்ச தப்பை மறைச்சு வைக்காதீங்க பிள்ளைங்களா. அறிக்கை பண்ணிடணும். நமக்குத் தப்பு பண்ணினவங்களையும், எத்தனை தடவைன்னு எண்ணாம மன்னிச்சிடணும்" என்பார் டீச்சர்.

"தவ்பான்னா, அதாவது மனந்திருந்துறதுன்னா, சும்மா வாயால சொல்றது இல்ல. தப்பை விடணும், வருத்தப்படணும், இறைவன்கிட்ட மன்னிப்புக் கேக்கணும். ஒரு மனுஷனுக்குச் செஞ்ச தப்பா இருந்தா, அந்த மனுஷன்கிட்டயே போய் நேர் பண்ணணும்" என்பார் சார்.

மணி அடித்ததும் ஒருவர் முன்வாசல் வழியாகவும் இன்னொருவர் பின்வாசல் வழியாகவும் போவார்கள்.

தலைமையாசிரியைக்குப் பொறுமை போய்விட்டது. "சனிக்கிழமை பெற்றோர் முன்னாடி ரெண்டு பேரும் ஒண்ணா மேடையேறி இந்தப் பாடத்தை நடத்திக் காட்டணும். முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க. அந்தப் பீரியடைத் தூக்கிக் கணக்குக்குக் கொடுத்துடறேன்!"

வகுப்பு வாசலில் அவர் போட்ட சத்தம் கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்டது. கணக்கு என்றதும் வகுப்பே வெலவெலத்துப்போனது.

மறுநாள் காலையில்தான் இருவர் மேசையிலும் ஆளுக்கொரு கடிதம் கிடந்தது.

"அன்று நான் நடந்துகொண்டது தவறு. ஆகவே என்னை மன்னிக்குமாறு தங்களைத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிதலுள்ள" என்று முடித்து, டீச்சருடைய கடிதத்தில் சாரின் பெயர் இருந்தது. சாரின் பையில் இருந்ததோ டீச்சர் பெயரில்.

"எதுவும் பேச வேண்டாம் சார்" என்று டீச்சர்தான் முதலில் வாய் திறந்தார். "எனக்கு எல்லாம் புரிஞ்சிடுச்சு."

"எனக்கும்தான் டீச்சர். இதுக்கெல்லாம் பெரிய மனசு வேணும்" என்றார் சார்.

தன் மனசைத்தான் சொல்கிறார் என்று டீச்சர் பூரித்துப்போனார். ஆனால் சார் சொன்னது தன்னுடைய மனசைத்தான். இறங்கி வந்தவரைக் குத்திக் காட்டக்கூடாது என்ற பெருந்தன்மையில், இருவருமே கடிதப் பேச்சை எடுக்கவில்லை.

ஆனால் அன்று சாயங்காலமே டீச்சர் போனில் தன் அக்காவுக்கு அதை வரிவரியாகப் படித்துக் காட்டினார். "கீழ்ப்படிதலுள்ளன்னு போட்டிருக்கார்க்கா! எவ்வளவு பணிவு பாரு!" சார் தன் மனைவியிடம் கடிதத்தை நீட்டி, "நான் அப்பவே சொன்னேன்ல, என்னிக்காவது கால்ல விழுவாங்கன்னு" என்றார்.

மறுநாளிலிருந்து ஜன்னல் பாதி திறந்திருந்தது. இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து, ஒருவர் டம்ளரில் இன்னொருவர் டீ ஊற்றிக் கொடுத்தார்கள். தலைமையாசிரியை தன்னுடைய மிரட்டல் பலித்துவிட்டதாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை. அரங்கம் நிறைய பெற்றோர். மேடைத் திரைக்குப் பின்னால் சார் டீச்சருக்கு மைக் உயரத்தைச் சரிசெய்துகொண்டிருந்தபோது, ஐந்தாம் வகுப்புச் சிறுமிகள் இரண்டு பேர் வந்து நின்றார்கள். வகுப்பில் ஒருத்திக்குப் பெயர் குட்டி வக்கீல். இன்னொருத்தி அழுமூஞ்சி. அழுமூஞ்சி வரும்போதே தொடங்கியிருந்தாள்.

"நாங்க ஒரு தப்பு பண்ணிட்டோம் டீச்சர்..."

டீச்சர் குனிந்து அவள் கன்னத்தைத் துடைத்தார். "தப்பை ஒத்துக்கறவங்கதான் நல்ல பிள்ளைங்க. சொல்லும்மா."

"பயப்படாம சொல்லு" என்றார் சார். "நாங்க இருக்கோம்ல."

குட்டி வக்கீல் முன்னால் வந்தாள். "தப்பை மறைக்கக்கூடாதுன்னு டீச்சர் சொன்னாங்க. சம்பந்தப்பட்டவங்ககிட்டயே நேர் பண்ணணும்னு சார் சொன்னாங்க. அதான் ரெண்டு பேர்கிட்டயும் சேர்த்துச் சொல்லிடறோம். அந்த ரெண்டு லெட்டரையும் எழுதினது நாங்கதான்."

சார் மைக்கை விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"ரெண்டு லெட்டரா?" என்றார் சார், மெதுவாக.

"அப்ப நீங்க எழுதலையா?" என்றார் டீச்சர்.

"நான் எதுக்கு எழுதணும்? சாத்தினது நீங்க!"

"விரலை வெச்சது நீங்க!"

"உங்களுக்குப் போய் மைக் சரி பண்ணினேன் பாருங்க!"

"நான் மன்னிச்சதை வாபஸ் வாங்கிக்கறேன்!"

டீச்சர் இடப்பக்கப் படியில் இறங்கினார். சார் வலப்பக்கப் படியில் இறங்கினார். நேரமாகிவிட்டது என்று யாரோ திரையை இழுத்தார்கள். இரண்டு காலி நாற்காலிகளைப் பார்த்துப் பெற்றோர் பலமாகக் கைதட்டினார்கள்.

தலைமையாசிரியை மூச்சிரைக்க மேடையேறி வந்தார். "எங்கடி ரெண்டு பேரும்? நல்லாத்தானே இருந்தாங்க! என்ன பண்ணித் தொலைச்சீங்க?"

அழுமூஞ்சி குட்டி வக்கீலைப் பார்த்தாள். இருவரும் கையைக் கட்டிக்கொண்டார்கள்.

"உண்மையைச் சொல்லிட்டோம் மிஸ், இனிமே சொல்லமாட்டோம்."